அண்டை வீட்டு மகிழ்ச்சி

ஆங்கிலத்தில் ‘சார்ட்டில்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால், வகுப்பறைச் சுவரில் மாட்டிய சார்ட்டில் ஏதோ எழுதியிருப்பதுபோல் வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது. உச்சரிப்புக்கு நெருக்கமாக ‘சோர்ட்டில்’ என்று எழுதலாமென்றால், சிரிப்பைச் சொல்ல வந்த சொல்லில் சோர்வு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இரண்டில் சார்ட்டே தேவலை. ஆங்கில அகராதிகளைத் திறந்தால், களிப்போடு சிரித்தல் என்கிற பாங்கில் இதற்குப் பொருள் கிடைக்கும். பரீட்சையில் அப்படியே எழுதலாம், முழு மதிப்பெண் உண்டு. ஆனால் இந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே போய் விசாரித்தால் சங்கதி வேறாக இருக்கிறது. பிறக்கும்போது இதனிடம் களிப்பும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. களிப்பு அண்டை வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. சிரிப்போ, முகச்சாயலைப் பார்த்துவிட்டு ஊரார் சொன்னது. என் கட்சி இதுதான். சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

சொற்களில் பெரும்பாலானவை அநாதைகள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் வாயில் பிறந்தன என்று எவருக்கும் தெரியாது. சார்ட்டிலுக்கு அந்தக் குறை இல்லை. தகப்பனார் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் ஆலிஸ் கதைகளை எழுதியவர். இரண்டாவது ஆலிஸ் கதையான ‘த்ரூ த லுக்கிங்-கிளாஸ்’ 1871 டிசம்பரில் கடைக்கு வந்தது. முகப்புப் பக்கத்தில் மட்டும் 1872 என்று அச்சடித்திருந்தார்கள். புத்தாண்டில் பழைய சரக்காகத் தெரியக் கூடாது என்ற கவலை பதிப்பாளர்களுக்கு எந்த நாட்டிலும் உண்டு போலிருக்கிறது. அதில் கண்ணாடியில் காட்டிப் படிக்கவேண்டிய இடவலம் மாறிய எழுத்தில் ‘ஜாபர்வாக்கி’ என்ற பாட்டை ஆலிஸ் கண்டெடுக்கிறாள். பாட்டின் முதல் பத்தியைக் கரோல் 1855-லேயே, தமது 23-ஆம் வயதில், வீட்டார் படிப்பதற்காகக் கையால் எழுதி நடத்திய பத்திரிகையில் எழுதிவிட்டார். அங்கே அதற்கு அவர் கொடுத்த பட்டம், ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கவிதைத் துணுக்கு என்பது. இல்லாத பழங்காலத்தைக் காட்டி இலக்கியத்துக்கு மதிப்புத் தேடும் கலையை அவர் வேடிக்கைக்காகச் செய்தார் என்பது ஒன்றே ஆறுதல்.

பாட்டின் கதை எளியது. மகனே, அந்த மிருகத்திடம் ஜாக்கிரதை என்கிறார் தகப்பன். மகன் வாளோடு போகிறான், வெட்டுகிறான், தலையை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். தகப்பன் அவனைக் கட்டிக்கொள்ளக் கூப்பிட்டு, எந்த மொழியிலும் இல்லாத இரண்டு குதூகலக் கூச்சல்களைப் போடுகிறார். அதற்கு அடுத்தபடியாகத்தான் நம் சொல் வருகிறது. பாட்டில் யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. தகப்பன் கத்துகிறார். அந்தக் கத்தலைச் சொல்லி முடித்து வைக்கிற வினையாகத்தான், ‘என்றார்’ என்று நாம் போடுகிற இடத்தில், சார்ட்டில் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே, ‘தம் மகிழ்ச்சியில்’ என்று பொருள்படும் மூன்று சாதாரண ஆங்கிலச் சொற்களையும் கரோல் வைத்திருக்கிறார். மகிழ்ச்சி என்பது சொல்லுக்குள்ளேயே இருந்திருந்தால், அதைத் தனியாக ஒருமுறை சொல்வானேன்? உப்புமாவில் உப்பு சரியாக இருந்தால் யாரும் பக்கத்தில் உப்பு ஜாடி வைப்பதில்லை.

இங்கே ஒரு வாசகர் கையை உயர்த்துவார். செய்யுளில் ஒரு சொல் நிற்பதற்கு எதுகைதான் காரணம், தத்துவம் அல்ல. இரண்டு வரிக்கு முன்னால் பையன் என்று பொருள்படும் ‘பாய்’ இருக்கிறது, அதற்கு இயைபாக மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘ஜாய்’ வந்து விழுந்தது, அவ்வளவுதானே என்பார். நியாயமான கேள்வி. நம்மூரிலும் மோனைக்காக அரசனின் குலத்தையே மாற்றிப் பாடத் தயங்காதவர்கள் இருந்திருக்கக்கூடும். ஆனால் ‘ஜாய்’ எந்தக் காரணத்துக்காக வந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை; வந்தபின் அது என்ன செய்தது என்பதுதான் கேள்வி. 1871-இல் அந்தப் பக்கத்தைப் புரட்டிய ஆங்கிலேயன் சார்ட்டிலை அதற்கு முன் கண்டதில்லை. அகராதியில் பார்க்கலாமென்றால் அகராதியிலும் கிடையாது. ஊர் தெரியாத இடத்தில் இறங்கியவன் பக்கத்தில் நிற்பவரை விசாரிப்பதுபோல, அவன் பக்கத்துச் சொற்களைத்தான் விசாரித்திருக்க முடியும். விகுதியைப் பார்த்து இது இறந்தகால வினை என்று தெரிந்துகொண்டான். முன்னால் இருந்த கூச்சலைப் பார்த்து வாயால் செய்கிற காரியம் என்று தெரிந்துகொண்டான். பின்னால் இருந்த ‘ஜாயை’ப் பார்த்து சந்தோஷ சமாசாரம் என்று தெரிந்துகொண்டான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், பூ உதிர்ந்துபோன பிறகும், அதாவது அந்த மூன்று சொற்களை விட்டுவிட்டு நாரை மட்டும் பத்திரிகைகளிலும் நாவல்களிலும் கட்டியபோதும், மணம் நின்றுவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சார்ட்டில் என்பது ‘சக்கில்’, ‘ஸ்நார்ட்’ என்ற இரண்டு சொற்களின் கலப்பு என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சக்கில் என்றால் வாய்க்குள் சிரிப்பது, ஸ்நார்ட் என்றால் மூக்கால் உறுமுவது. சக்கிலில் சிரிப்பு இருக்கிறது, சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கிறது, ஆகவே பிறவியிலேயே எல்லாம் இருந்தது என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கலப்பைக் கரோல் சொல்லவே இல்லை. கதையில் ஹம்ப்டி டம்ப்டி என்ற முட்டை மனிதர் ஆலிஸுக்குப் பாட்டுக்கு உரை சொல்கிறார். இரண்டு சொற்களை ஒன்றாக மடித்து வைப்பதை, புத்தகம்போல் இரண்டாகத் திறக்கும் போர்ட்மேன்டோ என்கிற பயணப் பெட்டிக்கு ஒப்பிடுவதும் அவர்தான். ஆங்கில இலக்கணத்தில் இன்றைக்கும் அந்தப் பெட்டியின் பெயரே நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த உரையாசிரியர் முதல் பத்தியோடு கடையைக் கட்டிவிடுகிறார். நம் சொல் ஆறாவது பத்தியில் இருக்கிறது. பரிமேலழகர் முதல் அதிகாரத்துக்கு மட்டும் உரை எழுதிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் நம் கதி என்னவாகியிருக்குமோ, அந்தக் கதி. கரோலிடம் நேரில் கேட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. வேறு சில சொற்களைப் பற்றி ஒரு சிறுமி கேட்டதற்கு, அவற்றைத் தன்னாலும் விளக்க முடியவில்லை என்று 1877-இல் கடிதம் எழுதிய மனிதர் அவர்.

கலப்பைக் கண்டுபிடித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள். தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஊர் ஊராக வந்த துண்டுச் சீட்டுகளை அடுக்கிவைத்து வேலை செய்த ஜேம்ஸ் மர்ரேயின் குழு, கரோல் உயிரோடு இருக்கும்போதே சார்ட்டிலுக்கு இடம் கொடுத்துவிட்டது. கொடுத்த விதத்தில் ஒரு நீதிபதியின் நிதானம் இருந்தது. இது இன்னார் செய்த செயற்கைச் சொல், பிறர் வேடிக்கையாக எடுத்தாள்கிறார்கள், சக்கிலின் சாயலும் ஸ்நார்ட்டின் சாயலும் தென்படுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். சாயல் தென்படுகிறது என்பதற்கும், இன்னாருடைய பிள்ளை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கிராமத்துப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். பின்னால் வந்த சிறிய அகராதிகள் அந்தச் சாயலையே சான்றிதழாக்கிவிட்டன. ஆனால் ஒன்று. அமெரிக்காவின் வெப்ஸ்டர் வழி அகராதி ஒன்று, சிரிப்புக்கு முன்னால், வெற்றிக் களிப்பில் பாடுவது அல்லது முழங்குவது என்ற பொருளையும் இன்றுவரை வைத்திருக்கிறது. பாட்டுக்குள் தகப்பன் செய்கிற காரியத்துக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது. யாரும் பயன்படுத்தாத பொருளை அகராதி காப்பாற்றி வைப்பது சில சமயம் இப்படி உதவிக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளர்களும் என் பக்கம்தான். பாட்டு வந்த சூட்டோடு, 1872-இல் ராபர்ட் ஸ்காட் என்பவர் அதை ஜெர்மன் மொழியில் எழுதி, இதுதான் மூலம், ஆங்கிலம்தான் நகல் என்று ஒரு பொய்யையும் சேர்த்து வெளியிட்டார். இந்த ஸ்காட் சாமானியர் அல்ல. கதைக்குப் பெயர் தந்த நிஜ ஆலிஸின் தகப்பனார் ஹென்ரி லிடலோடு சேர்ந்து, இன்றைக்கும் அறிஞர்கள் புரட்டுகிற கிரேக்க அகராதியைத் தொகுத்தவர். சொல்லுக்குப் பொருள் சொல்வதே தொழிலாகக் கொண்ட அந்த மகானுபாவர் சார்ட்டிலை என்ன செய்தார் தெரியுமா? மொழிபெயர்க்கவே இல்லை. ஜெர்மன் விகுதி ஒன்றை ஒட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மகிழ்ச்சியை மட்டும் தனிச் சொல்லாகப் பக்கத்தில் ஜெர்மனில் வைத்தார். 1931-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் பிரெஞ்சில் பெயர்த்த ஃபிராங்க் வாரினும் இதையே செய்தார்: சொல்லைப் பிரெஞ்சு வாய்க்குப் பழக்கிவிட்டார், மகிழ்ச்சியைத் தனியே மொழிபெயர்த்தார். இருவருக்குமே இது ஒரு சத்தம், அது ஒரு உணர்ச்சி, இரண்டும் வேறு வேறு என்பது தெளிவாக இருந்திருக்கிறது. ஸ்காட் செய்ததை நம்மூரில் யாரும் சாமர்த்தியம் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஆங்கில வினையைக் கொடுத்தாலும் கூட ஒரு ‘பண்ணு’ சேர்த்து ஒரே நொடியில் குடியுரிமை வழங்குகிறவர்கள் நாம். ‘அப்பா சார்ட்டில் பண்ணினார்’ என்றால் வேலை முடிந்தது.

சிரிப்பில் மகிழ்ச்சி இருப்பது இயற்கைதானே என்ற பழைய வாதத்துக்குத் திரும்ப வேண்டும், அதை அரைகுறையாக விட்டுவிட்டேன். மனிதர்கள் பேசிச் சிரிப்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டே போன அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன், பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் நகைச்சுவையான பேச்சு எதுவுமே இல்லை என்று கண்டார். போய் வருகிறேன், சாப்பிட்டாயா போன்ற சப்பென்ற பேச்சுக்குத்தான் சிரிப்பு வந்தது. இன்னும் குறிப்பாக மூக்கைப் பற்றியே ஒரு சாட்சி உண்டு. 2001-இல் ஜோ-ஆன் பக்காரோவ்ஸ்கி, மைக்கேல் ஓரன் என்ற இருவர் பலவகைச் சிரிப்புகளைப் பதிவு செய்து கேட்கச் சொன்னார்கள். குரல் ஒலிக்கிற, பாட்டுப்போன்ற சிரிப்பைக் கேட்டவர்கள் விரும்பினார்கள். குரலில்லாமல் மூக்கால் சீறுகிற சிரிப்புக்கு அந்த வரவேற்பு இல்லை. ஆகவே ஸ்நார்ட் தன்னந்தனியாக எவருக்கும் மகிழ்ச்சியை அறிவிப்பதில்லை. இவர் சிரிக்கிறாரா, ஜலதோஷமா என்ற சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது. சந்தேகத்தைத் தீர்க்கப் பக்கத்தில் ஒரு ‘ஜாய்’ நின்றாகவேண்டும். கரோல் நிறுத்தினார். அகராதிகளோ அந்த ‘ஜாயை’ உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மூக்கை வெளியே துரத்திவிட்டன. களிப்போடு சிரித்தல் என்ற பொருள் விளக்கத்தில் மூக்கு எங்கே இருக்கிறது? சூர்ப்பணகைக்குப் பிறகு இவ்வளவு சுத்தமாக மூக்கறுபட்டது இந்தச் சொல்தான்.

இதைத் தமிழில் சொல்ல வரும்போதுதான் என் வாதத்தின் உபயோகம் தெரியும். தமிழ் இலக்கணம் இந்த இரண்டையும் ஆதியிலேயே தனித்தனி அறையில் குடிவைத்துவிட்டது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகை முதலில் வருகிறது, உவகை கடைசியில் வருகிறது. நடுவில் அழுகையிலிருந்து வெகுளி வரை ஆறு பேர் நிற்கிறார்கள். நகை பிறக்கும் இடங்களாகச் சொல்லப்படுபவை எள்ளல், இளமை, பேதைமை, மடன். உவகைக்குரியவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. மிருகத்தை வெட்டிவிட்டு மகன் உயிரோடு திரும்பியதற்குத் தகப்பன் மகிழ்வது நகையின் நாலு வாசலில் எதிலும் நுழையாது. அது உவகை. அந்த உவகை ஒரு சத்தமாக வெளிவருகிறது, அவ்வளவுதான். இதைக் ‘களிப்புடன் சிரித்தார்’ என்று பெயர்த்தால் தகப்பன் ஏதோ சினிமா பார்த்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். ‘கெக்கலித்தார்’ என்று போட்டால் தோற்றவனைப் பார்த்துக் கைகொட்டுகிற வாடை அடிக்கும். ‘கொக்கரித்தார்’ என்றால் அவர் உடனே எதிர்க்கட்சித் தலைவராகிவிடுவார். ‘களுக்கென்று’ என்பது தாவணிப் பெண்களுக்கு நம் தொடர்கதைக்காரர்கள் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது, கிழவருக்கு மாற்ற முடியாது.

கரோல் வழியில் நாமும் ஒன்று கலந்து பார்க்கலாம் என்று ஆசை வரும். ஆங்கிலத்துக்கு இது கைவந்த கலை. புகையையும் பனியையும் கலந்து ஸ்மாக் என்றார்கள். மோட்டாரையும் ஹோட்டலையும் கலந்து மோட்டல் என்றார்கள். காலை உணவையும் மதிய உணவையும் கலந்து பிரன்ச் என்று சொல்லி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில் போடுகிறார்கள். தமிழில் இந்த வித்தையில் தேறியது என்று ‘தமிங்கில’த்தைத் தவிர வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை; அதிலும் பாதி இங்கிலீஷ். நம் புணர்ச்சி விதிகள் மரியாதைப்பட்டவை. இரண்டு சொற்கள் சேர்ந்தால் ஒரு எழுத்து தோன்றும், திரியும், கெடும். ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் ஒட்டுவதற்கு அங்கே அனுமதி இல்லை. மீறிச் சிரிப்பையும் செருமலையும் கலந்தால் ‘செரிப்பு’ என்று வருகிறது. அது ஜீரணம்.

தமிழ் பலமாக இருக்கிற இடம் வேறு. ஆங்கிலம் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒவ்வொரு வினையைச் செய்து வைத்திருக்கிறது: சக்கில், கிகில், கக்கில். கடைசியில் வருகிற அந்த ‘இல்’ ஓசை, செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் பழைய விகுதி. சார்ட்டில் அந்தக் குடும்பத்து நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணக் கூட்டத்தில் நுழைந்ததால்தான், கூடப் பிறந்த சொற்களில் பெரும்பாலானவை பாட்டுக்குள்ளேயே கிடக்க, இதை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. சிரிப்பு என்று ஊரார் ஊகித்ததும் இந்த நகையைப் பார்த்துத்தான். தமிழோ பெரும்பாலும் ஒரே ஒரு ‘சிரி’யை வைத்துக்கொண்டு, முன்னால் சத்தத்தை மாற்றிப் போடுகிறது: கலகலவென்று, கெக்கெக்கென்று, குபீரென்று, கொல்லென்று. இதில் ‘என்று’ இருக்கிறதே, அது ஆழமான ஆள். ‘வா என்று கூப்பிட்டார்’ என்பதிலும் அதே ‘என்று’தான், ‘கலகலவென்று சிரித்தார்’ என்பதிலும் அதே ‘என்று’தான். பேச்சும் சத்தமும் தமிழுக்கு ஒரே வாசல். கத்தலா, சிரிப்பா, சொல்லா என்று பிரிக்க முடியாமல் கரோலின் தகப்பன் செய்த காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஆங்கிலத்திலேயே கிடையாது. கூச்சலைப் போட்டு, ‘என்று மூக்கால் கனைத்தார்’ என்று முடித்தால் சத்தமும் வந்துவிட்டது, மூக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது. கனைப்பு குதிரைக்கும் உண்டு, தொண்டை செருமும் பெரியவருக்கும் உண்டு, ஆகவே கௌரவக் குறைவும் இல்லை.

இன்றைய ஆங்கில நாவல்களில், ‘நல்ல வேலை’ என்று சார்ட்டிலினான் என்கிற ரீதியில் உரையாடலுக்குப் பின்னால் இதைப் போடுவதை எழுத்துப் பயிற்சி ஆசான்கள் கண்டிக்கிறார்கள். எல்மோர் லெனார்டு 2001-இல் எழுதிய பத்து விதிகளில், உரையாடலைச் சுமக்க ‘என்றான்’ தவிர வேறு வினை கூடவே கூடாது என்பது ஒன்று. விதி நல்ல விதிதான், கனைக்கிற பாத்திரங்கள் அதிகமானால் நாவல் லாயமாகிவிடும். ஆனால் சார்ட்டிலைப் பொறுத்தவரை இந்த ஆசான்கள் கண்டிப்பது, அந்தச் சொல் பிறந்தபோது செய்த முதல் வேலையை. பத்திரிகைகளில் இப்போது இதற்கு வேறொரு வாடையும் ஏறியிருக்கிறது. அடுத்தவன் வழுக்கி விழுந்ததைப் பார்த்து உள்ளூரப் பூரிக்கிறவர்களுக்கும் இதையே போடுகிறார்கள். அப்படியானால் களிப்பு இதன் சொந்தச் சொத்துதானே, அது முற்றித்தானே வன்மமாகியிருக்கிறது என்று கேட்டால், என் பதில் அதுவேதான்: மறுபடியும் அண்டை வீடு மாறியிருக்கிறது. 1871-இல் பக்கத்தில் மகன் இருந்தான். இப்போது போட்டிக் கட்சி இருக்கிறது. அங்கே மட்டும் ‘கெக்கலித்தார்கள்’ என்று தாராளமாகப் பெயர்க்கலாம்.

எனவே மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சார்ட்டிலைக் கண்டதும் கை தானாகக் ‘களிப்புடன்’ என்று எழுதப் போகும். அந்த வாக்கியத்தில் மகிழ்ச்சி ஏற்கெனவே வேறொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ஒரு கனைப்புப் போடுங்கள்.